பிராக்குக்கு ஒரு கரண்டி பாணி

கதிர்காமத்தம்பி என்று முழுப் பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் அந்த இடத்தில் இருக்க மாட்டான். எட்டு வயதுப் பையனுக்கு இவ்வளவு நீளப் பெயர் வைத்தது வீட்டாரின் பிழை. "கதிர்காம..." என்று தொடங்கும்போது வகுப்பில் வாங்குப் பலகையில் இருப்பான். "...த்தம்பி" என்று முடிக்கும்போது ஜன்னலடியில் நிற்பான். அங்கே ஓர் அணில் இருக்கும். அல்லது அப்போதுதான் போயிருக்கும். அல்லது இனிமேல் வரும்.

"பிராக்கு! எந்த நேரமும் பிராக்கு!" என்று பிலோமினா ரீச்சர் ஏசுவார்.

கவனத்தைக் கோட்டை விட்டுவிட்டுக் கண்ட கண்ட பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மட்டக்களப்புப் பக்கம் பிராக்கு என்று பெயர்.

கதிரின் அக்கா ஜீவமலருக்குப் பதினொரு வயது. தம்பியை யாராவது அப்படிச் சொன்னால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அவன் பொய் சொல்ல மாட்டான், யாரையும் அடிக்க மாட்டான், கையில் இருப்பதைக் கேட்டால் கொடுத்துவிடுவான். ஓர் இடத்தில் இருக்க மட்டும் முடியாது. அது ஒரு குற்றமா?

மருந்து சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுப் புஸ்பம் மாமி வல்லாரைச் சாறு கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார்கள். வாய் பச்சையானதுதான் மிச்சம். பிறகு கையில் கறுப்பு நூல் கட்டினார்கள். அதை அவிழ்த்துப் பட்டத்துக்கு வால் கட்டினான். மட்டக்களப்பு ஆட்கள் மந்திரம் போட்டு மனிதரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்களில் ஒரு கதை உண்டு. எல்லாம் சும்மா! ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூட வாங்கில் ஒட்டவைக்க அங்கே ஒருவராலும் முடியவில்லை.

இதுவரைக்கும் கதை சிரிப்பாகத்தான் போனது.

ஆனால் அது சண்டைக் காலம். அவர்களுடைய ஊர் வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்துக்கு அங்கால் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து வந்த சனம் குடியிருந்தது. அதனால் பிள்ளைகள் வாவியைக் கடந்து கிழக்குக் கரைக்குப் படிக்கப் போனார்கள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு பக்கீர் காக்கா கம்பு ஊன்றித் தள்ளிப் போகும் தட்டையான படகுக்குப் பாதை என்று பெயர். பாதையை விட்டு இறங்கினால் எதிரே ஆமியின் சென்றி. மண்மூட்டைகள், முள்ளுக்கம்பி, துவக்குகள். வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, ஒவ்வொருவராகப் போக வேண்டும்.

அப்பா கரடியனாற்றுப் பக்கம் வேளாண்மை வெட்டப் போனவர், ஆமி வழியைப் பூட்டிவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா அன்னப்பூரணி தயிர் முட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நாளும் பிள்ளைகளோடு கடந்து போய்ச் சந்தையில் விற்பாள்.

ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது மீன்கொத்தி ஒன்று கம்பியில் வந்து உட்கார்ந்தது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். கதிர் வரிசையை விட்டு ஓடினான்.

"ஏய்! நில்லு!"

ஒரு சிப்பாய் துவக்கைத் தூக்கிவிட்டான். அம்மா தயிர்ப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய் மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முட்டிகள் உடைந்து மணலெல்லாம் தயிர்.

"பிள்ளை ஐயா, சின்னப் பிள்ளை!" என்று கத்தினாள். சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். மீன்கொத்தி எப்போதோ பறந்துவிட்டது.

அன்றைக்கு அம்மா டவுனில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், சிவப்பு நிறப் பாணி மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வந்தாள்.

"இது சளிக்குக் குடுக்கிறது. குடிச்சா நித்திரை வரும். பிள்ளை அசையாது" என்றாராம் கடைக்காரர்.

விடிந்ததும் ஒரு கரண்டி. கதிர் அசையவில்லைதான். பாதையில் அம்மாவின் மடியில் தூங்கினான். சென்றியில் அம்மாவின் தோளில் தொங்கினான். வகுப்பில் மேசையில் தலையை வைத்துக்கொண்டு வாயால் வாணி வடித்தான். ஜன்னலடிக்கு அணில் வந்தது, போனது. அவன் பார்க்கவில்லை.

"இப்பதான் பிள்ளை, பிள்ளை மாதிரி இருக்குது" என்றார் பிலோமினா ரீச்சர்.

ஜீவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை மாதிரியா? நெல்லு மூட்டை மாதிரி இருக்கிறான்! மூட்டை நல்ல பிள்ளைதான். இருத்திய இடத்தில் இருக்கும், கேள்வி கேட்காது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"ஏம்மா, தம்பிக்குச் சளியா?"

"இல்ல."

"காய்ச்சலா?"

"இல்ல மனே."

"அப்ப என்னத்துக்கு மருந்து? ஒரு டொக்டரிட்டக் காட்டினீங்களா? அவன் சிரிச்சு எத்தின நாளாப் போச்சு, பாத்தீங்களா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அது புகையால் மட்டும் இல்லை.

"நித்திரை கொண்டாலும் உசிரோட நித்திரை கொள்ளட்டும் மனே" என்றாள்.

ஆனாலும் ஜீவமலருக்குக் கோபம் போகவில்லை.

போத்தல் முடிந்தது. அம்மா சந்தை முடிந்து வரும்போது புதுப் போத்தல் வாங்கித் தயிர்ப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். சென்றியில் பெட்டியைத் திறந்து பார்த்த சிப்பாய் போத்தலை வெளியே எடுத்தான். மேற்குக் கரைக்கு மருந்து கொண்டுபோக அந்த வாரம்தான் தடை போட்டிருந்தார்கள். அவனுக்குப் பக்கத்து மேசையில் அன்றைக்குப் பறித்த சாமான்கள் கிடந்தன: பற்றரி, சவர்க்காரம், யாரோ ஒரு கைக்குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து.

"யாருக்கு?" என்றான் உடைந்த தமிழில்.

"மகனுக்கு ஐயா. சளி" என்றாள் அம்மா.

சிப்பாய் கதிரைப் பார்த்தான். கதிர் அரைக்கண்ணோடு நின்றான். இருமவும் இல்லை, மூக்கு வடியவும் இல்லை.

ஜீவமலர் அந்த மேசையைப் பார்த்தாள். உண்மையாகவே காய்ச்சல் வந்த குழந்தையின் மருந்து அங்கே கிடக்கிறது. ஒரு நோயும் இல்லாத தம்பிக்கு அம்மா பொய் சொல்லி மருந்து கேட்கிறாள். இது என்ன நியாயம்? அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே திறந்துவிட்டது.

"அவனுக்குச் சளியும் இல்ல, ஒரு வருத்தமும் இல்ல! நித்திரையாக்கத்தான் குடுக்கிறாங்க! அவன் ஒரு குருவியப் பாத்தான், அவ்வளவுதான்!"

சிப்பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போத்தல் மேசைக்குப் போனது.

பாதை நடு வாவிக்கு வந்ததும் அம்மா வெடித்தாள்.

"வாயத் திறந்தாயே! நாளைக்கு என்ன செய்யப் போறாய்?"

"பாணி இல்லாம நான் கூட்டிப் போறன்."

"ஓடினா?"

"ஓட மாட்டான்."

"அவனாலயா? ஏலாது மனே!"

"ஏலும்!"

கோபத்தில் சொல்லிவிட்டாள். ஆனால் கரை வந்து சேருவதற்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள். அவன் ஓடினால்? அம்மா சொல்வது சரியென்றால்? சென்றியில் பிழைவிட்டால் திருத்தி எழுத முடியாதே!

பொழுது சாயும்போது கதிருக்கு மயக்கம் தெளிந்தது. இருவரும் வாவிக் கரையில் உட்கார்ந்தார்கள்.

"டேய், வரிசையில நிக்கக்குள்ள உனக்கு என்னடா செய்யுது?" என்று கேட்டாள்.

கதிர் அக்காவை ஆச்சரியமாகப் பார்த்தான். வல்லாரை கொடுத்தவர்கள், நூல் கட்டியவர்கள், பாணி பருக்கியவர்கள், ஏசியவர்கள், ஒருவர்கூட இதை அவனிடம் கேட்டதில்லை.

"கால் கூப்பிடுது அக்கா" என்றான். "கண் ஒண்டக் கண்டா, கால் கிட்டப் போகணும் எண்டுது."

"போகாட்டி?"

"போகாட்டி அது என்னெண்டு வடிவாத் தெரியாமப் போயிரும். மறுகா மறந்தும் போயிரும். பாவம்தானே?"

"ஆருடா பாவம்?"

"அந்தக் குருவி. அவ்வளவு நீலமா வந்து இருக்குது, ஒருத்தரும் பாக்கல்ல."

ஜீவமலருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போதுதான் முன்பு அப்பாவோடு கோயிலடியில் பார்த்த கூத்து ஞாபகம் வந்தது. ராசா வருவதற்கு முன்னால் கட்டியக்காரன் கோலோடு வந்து, "ராசா வாறார், பராக்கு! பராக்கு!" என்று கூவினான். ஏன் ராசாவைப் பிராக்கு என்கிறான் என்று அன்றைக்கு அப்பாவிடம் கேட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பராக்கு எண்டா கவனமாப் பாருங்க எண்டு கருத்து மனே" என்றார்.

அப்படியென்றால் இரண்டும் ஒரே சொல்லா? கவனமாகப் பார் என்று கூவுவதும் பராக்கு, கவனம் இல்லை என்று ஏசுவதும் பிராக்கு! அட, நல்ல நியாயம்தான்! தம்பி எதையும் கவனிக்காமல் இல்லையே. எல்லாவற்றையும் கவனிக்கிறான். அதுதானே அவனுடைய பிரச்சினையே!

"கதிர், இஞ்ச கேள். நாளைக்கு நீ வரிசையில பிராக்குப் பாக்கணும்."

"பாக்கணுமா?"

"ஓம். நல்லாப் பாக்கணும். ஆனா கண்ணால மட்டும். காலுக்கு அதில வேலை இல்ல. கண்டது எல்லாத்தையும் பிடிச்சு வச்சு, சென்றி தாண்டினதும் எனக்குச் சொல்லணும். ஒண்டும் தப்ப விடக்கூடாது."

"கால் கேக்காதே அக்கா?"

"காலுக்கு முதலே வேலை குடுப்பம். வெள்ளன எழும்பு."

காகம் கரையும் முன்பே இருவரும் எழுந்து வட்டைக்குப் போனார்கள். வெட்டி முடிந்த வயல் வரம்பில் ஓடினார்கள். கதிர் ஓடினான், பாய்ந்தான், மாடுகளை முந்தினான். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அவனுக்கு வாங்கவில்லை. பிறகு வாவியில் குதித்து, முழுகி, நீந்தினான். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் இளைத்தான்.

பாதையில் ஏறியதும் ஜீவமலர் பக்கீர் காக்காவைக் கேட்டாள். "காக்கா, தம்பி உங்களுக்குத் தண்ணி இறைச்சுத் தரட்டா?"

"என்ன புள்ள, மாப்பிள்ளை இண்டைக்கு முழிச்சிருக்கார்?" என்று பக்கீர் காக்கா தகரப் பேணியை நீட்டினார்.

கதிர் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கரை வரும்வரைக்கும் இறைத்தான். ஒரு தரம்கூடப் பேணியைக் கீழே வைக்கவில்லை. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் கதிர்காம முருகனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தன.

பாதை கரை தட்டியது. சென்றி. வரிசை.

அம்மா முன்னால், கதிர் நடுவில், ஜீவமலர் பின்னால். வரிசை மெல்ல நகர்ந்தது. கதிரின் தலை இங்கும் அங்கும் கிறுகியது. கால் நின்றது.

திடீரென்று மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நாய்க்குட்டி ஓடி வந்தது. வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. கதிருக்கு முன்னால் வந்து நின்று வாலை ஆட்டியது.

கதிரின் ஒரு குதிக்கால் மேலே எழும்பியது.

"கண்ணால" என்றாள் ஜீவமலர், அவனுக்கு மட்டும் கேட்க.

குதிக்கால் அப்படியே நின்றது. விரல்கள் மணலைப் பிறாண்டின. பிறகு குதிக்கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நாய்க்குட்டி சலித்துப்போய்த் திரும்பி நடந்தது.

சிப்பாய் பையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், கையை அசைத்தான். போகலாம்!

அவர்கள் ஓடாமல் நடந்தே போனார்கள். றோட்டு வளைவு தாண்டி, சென்றி மறைந்த பிறகுதான் கதிரின் வாய் திறந்தது. திறந்ததென்றால் மடை திறந்த மாதிரி!

"அக்கா, நாய்க்குட்டிக்குக் காதுக்குள்ள ஒரு உண்ணி! கம்பியில ஆரோ ஒராள்ட ஒத்தச் செருப்பு! மூட்டை ஒண்டில புல்லு முளைச்சுப் பூவும் பூத்திருக்கு! மறுகா, அந்தத் துவக்குக்கார மாமா இருக்கிறாரே..."

"ஓம், அவருக்கு என்ன?"

"அவருக்குக் கால் ஒரு இடத்தில நிக்கவே இல்ல அக்கா. ஆட்டிக்கிட்டே நிண்டார். கண்ணும் அப்பிடித்தான். மரத்தில காகம் பறந்தா அங்க பாக்கிறார், வாவியில மீன் துள்ளினா அங்க பாக்கிறார். சரியான பிராக்கு! ஏன் அவருக்கு ஒருத்தரும் பாணி குடுக்கல்ல?"

அம்மா படாரென்று அவன் வாயைப் பொத்தினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். றோட்டில் யாரும் இல்லை. பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று ஜீவமலர் எட்டிப் பார்த்தாள். இல்லை. தயிர்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, பெட்டியை மறுபடி தலையில் தூக்கினாள். சந்தைக்குத் திரும்பும் வழியில் அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் விறுவிறென்று நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்று ஜீவமலர் பின்னால் ஓடினாள்.

"ரீச்சரிட்ட" என்றாள் அம்மா. "என்ட பிள்ளைக்கு இனிப் பாணி இல்ல எண்டு சொல்லப் போறன். வகுப்பில தண்ணி இறைக்கிற மாதிரி ஏதும் வேலை கிடக்கா எண்டும் கேக்கப் போறன். இல்லயெண்டு சொல்லட்டும், பாப்பம்!"

அவள் நடந்த வேகத்துக்குக் கதிர்காமத்தம்பியே ஓடித்தான் போக வேண்டியிருந்தது.