நாலாம் பெட்டியின் நீல விளக்கு

மதியம் இரண்டு மணிக்கு வண்டி வந்து மூன்றாம் நடைமேடையில் நின்றது. பயணிகள் இறங்கிப் போனார்கள். காலி வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய் விட வேண்டியது என் பொறுப்பு. நான் ரயில் கார்டு. மூன்று மாத விடுப்புக்குப் பிறகு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

ஒவ்வொரு பெட்டியின் வெளிப்பக்கமும் கூரைக்குக் கீழே இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. மஞ்சள் எரிந்தால் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை. நீலம் எரிந்தால் உள்ளே யாரோ அவசரக் கைப்பிடியை இழுத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையோடு பேச லைன் திறந்திருக்கிறது. இரண்டும் அணைந்திருந்தால்தான் நான் விசில் ஊதலாம்.

நாலாம் பெட்டியின் மஞ்சள் விளக்கு ஒரு சனியன். கதவு மூடியிருந்தாலும் எரியும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி தாமதம், மேலிடத்தில் திட்டு. எல்லா கார்டுகளும் செய்வதையே நானும் செய்தேன். விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன்.

அந்த வண்டியின் டிக்கெட் பரிசோதகர் என் மனைவியின் தம்பி. "மாமா, வண்டி கரண்ட்ல ஓடல, உங்க டேப்புலதான் ஓடுது" என்று கிண்டலடிப்பான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம் யாருக்கோ மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு ஏறப்போனான். அவன் தோள்பையின் வார் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. டேப்புக்கு அடியில் மஞ்சள் எரிந்திருக்கும்.

நான் விசில் ஊதினேன்.

தண்டவாளத்தில் அவன் உடலைச் சுற்றிக் கூட்டம் கூடுவதற்குள் டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு எரியவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கின் கோளாறு என்று விசாரணையை முடித்து, புதிய விளக்கு மாட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் என் மனைவியும் அதையே நம்பினாள். உண்மை தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். எனக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். அழுகைகூட வரவில்லை எனக்கு. சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பிய அன்று எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டு விளக்குகளைப் பார்த்தேன். நாலாம் பெட்டியில் நீலம் எரிந்தது.

தோளிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மனைவிதான், ஆனால் அலுவலகக் குரல்.

"நாலுல நீலம் எரியுது. யாருன்னு பாருங்க."

"காலி வண்டிம்மா. எல்லாரும் எறங்கியாச்சு."

"போய்ப் பாருங்க."

சாவி போட்டுக் கதவைத் திறந்து ஏறினேன். உள்ளே பினாயில் வாடை. அதற்கு அடியில் இரும்பு வாடை. கைப்பிடி கீழே தொங்கியது. தூக்கிவிட்டுத் திரும்பினேன்.

டக்கென்று இறங்கியது.

மறுபடி தூக்கினேன்.

மறுபடி இறங்கியது.

என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். கடைசி நொடியில் ஓடி வந்து ஏறுகிறவனின் மூச்சு. எனக்கு அது பழக்கமான மூச்சு. பயம் என்று சொல்ல முடியாது. உடம்பு மரத்துப்போயிருந்தது. திரும்பிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

"டேய், விட்டுடுடா" என்று முணுமுணுத்தேன். "டேப்பை ஒட்டினது நான்தான். உரிச்சதும் நான்தான். அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்டா."

மூச்சு நின்றது.

கைப்பிடி இன்னும் கீழேதான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. லைன் திறந்திருந்தது.

"தெரியும்" என்றாள் மனைவி, கைப்பிடிக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில்.

ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தேன்.

"மூணு மாசமா தினம் ரெண்டு மணிக்கு நாலுலேர்ந்து லைன் வருது. தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க வாயைத் திறப்பீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மூன்று மாதமாக எனக்குச் சோறு போட்டவள். பக்கத்தில் படுத்தவள்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"எறங்குங்க. வண்டி கிளம்பணும்."

கைப்பிடியைத் தூக்கிவிட்டேன், இம்முறை அது நின்றது. இறங்கிக் கதவை மூடினேன். நீலம் அணைந்தது. மஞ்சள் எரிந்தது. ஒவ்வொரு கதவாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் இறுக மூடித்தான் இருந்தன.

வாக்கிடாக்கியில் அவள் குரல் மறுபடி வந்தது. இப்போது அது அலுவலகக் குரல் இல்லை. என்னோடும் பேசவில்லை.

"தம்பி, கதவை விடுடா. அக்கா சொல்றேன்ல?"

மஞ்சள் அணைந்தது.

கதவை விட்ட கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

இன்னும் விடவில்லை.