இடக்கைத் துவக்கு

சேந்தன் எழும்பி முகம் கழுவினான். விடுதி அறையின் கறுப்புத் திரையை விலக்கினான். வெளியே வெளிச்சம். வட துருவத்துக்கு அருகிலுள்ள அந்தத் தீவில் ஓகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறைவதில்லை. அவன் மனைவி தர்மினி பாணுக்குப் பட்டர் பூசினாள். இடது கையால் பூசினாள். எல்லாவற்றுக்கும் அவளுக்கு இடது கைதான். அவன் கோப்பி போட்டான். இருவரும் சாப்பிட்டார்கள். அவன் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தான்.

அப்போது அவளுடைய கைபேசியில் தம்பி குமணனின் செய்தி வந்தது.

‘அக்கா, கால் முறிஞ்சிட்டுது. குடிசைக்குள்ள இருக்கிறன். வெளியில கரடி. துவக்கு வாசலுக்கு அங்கால விழுந்து கிடக்குது. கதவு கனநேரம் தாங்காது.’

குமணன் அந்தத் தீவில் பனியாறுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கத்தான் இருவரும் நோர்வேயின் துரொம்சோ நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். பனியாற்றின் முன்னால் வைத்த கமராவை எடுக்க அவன் முதல்நாள் விரிகுடாவைக் கடந்து போயிருந்தான். தனியே போகக்கூடாது என்பது விதி. தனியேதான் போயிருந்தான். இறக்கிவிட்ட படகும் திரும்பிவிட்டது.

மீட்புக் குழுவுக்குத் தொலைபேசி அடித்தார்கள். மூடுபனியில் ஹெலிகொப்டர் ஏறாது. மீட்புப் படகு தீவின் மறுபக்கத்தில், தரைதட்டிய கப்பலொன்றுக்குப் போயிருந்தது. பின்னேரமாகும் என்றார்கள்.

“கதவு பின்னேரம் வரைக்கும் தாங்குமோ?” என்றாள் தர்மினி.

சேந்தன் மீன்பண்ணையில் பொறியியலாளன். கடலும் படகும் அவனுக்குப் பழக்கம். குமணனின் ஆய்வுக்கூடத்தில் இறப்பர்ப் படகொன்றைக் கேட்டு வாங்கினான். படகு கிடைத்தது. துவக்கு இல்லை. வெள்ளைக் கரடிகள் உலாவும் அந்தத் தீவில், வந்தால் சுடத் துவக்கில்லாமல் யாரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. தர்மினியிடம் வேட்டை அட்டை இருந்தது. வருடந்தோறும் கலைமான் வேட்டைக்குப் போகிறவள் அவள். ஆனால் அவளுடைய துவக்கு துரொம்சோ வீட்டு அலமாரிக்குள் கிடந்தது.

வாடகைக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரி ரண்டி, நெடிய பெண், புதிய துவக்கொன்றை மேசைமேல் வைத்தாள். பாரமில்லாதது. நன்றாகத் துடைத்து மினுக்கியது.

“இதை எடும். நேரம் போகுது,” என்றான் சேந்தன்.

தர்மினி அதை இடது தோளில் பொருத்தினாள். வெறுந்துவக்கின் விசையை அழுத்தினாள். அடுத்த வெடிக்கு, சுட்ட ரவையின் வெற்றுக் கோதைத் தள்ளிப் புதிய ரவையை ஏற்றும் கைப்பிடியை இழுக்கவேண்டும். கைப்பிடி வலப்பக்கத்தில் இருந்தது. இடது கையை மேலால் வளைத்து அதைப் பிடித்தாள். கன்னம் துவக்கை விட்டு விலகியது. துவக்கின் வாய் சரிந்து நிலத்தைப் பார்த்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் சரிந்தது.

“முதல் வெடி எந்தத் துவக்கிலயும் போகும். நான் பாக்கிறது ரெண்டாவதை,” என்று அவள் அதைத் திருப்பி வைத்தாள். ரண்டியிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: “இடக்கைக்காரருக்கு ஒன்றும் இல்லையா?”

ரண்டி யோசித்தாள். உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். பழையது, மரம் கீறல் விழுந்தது, நல்ல பாரம். ஆனால் கைப்பிடி இடப்பக்கம். தர்மினி கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் பொருத்தினாள். விசை, கைப்பிடி, விசை. கன்னம் அசையவில்லை. துவக்கின் வாயும் அசையவில்லை.

“உமக்கு ஏதும் நடந்தா நான் என்னெண்டு இதால சுடுறது?” என்றான் சேந்தன்.

“நீங்களோ? போன புரட்டாதியில அந்தக் கலைமானுக்கு மூண்டு வெடி வைச்சியள். அது இப்பவும் நிண்டு உங்களைப் பாத்துச் சிரிக்குது.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“பீச்சைக்கை எண்டு பள்ளிக்கூடத்தில எனக்கு அடிக்காத ரீச்சர் இல்லை. எனக்கெண்டு செய்த சாமான் ஒண்டு இண்டைக்குக் கிடைச்சிருக்கு. விடமாட்டன்.”

ரண்டிக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். கரடியை வெருட்டத் தீச்சுடர் கைத்துப்பாக்கி ஒன்றையும் கொடுத்தாள். வாசல்வரை வந்து ஒன்று சொன்னாள்: “கரையில் ஒருவர் காவல் நிற்கவேண்டும். முதுகு கடலுக்கு, முகம் நிலத்துக்கு. கரடி வருவது நிலத்தால்.”

மிதவை உடுப்புகளை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மூடுபனி கடலில் படுத்திருந்தது. பனிக்கட்டிகள் திடீர் திடீரெனத் தலைகாட்டின. சேந்தன் படகை வளைத்து வளைத்து ஓட்டினான். தூரத்தில் எங்கோ இடி இடித்தது. பனியாற்றின் முகம் உடைந்து கடலில் விழும் சத்தம் அது. பனியாறு இருந்த பக்கத்தை அவர்கள் மிகத் தள்ளியே கடந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கரை தெரிந்தது. கற்கள், அப்பால் மேடு, மேட்டில் பலகைக் குடிசை. குடிசையின் கதவில் கரடி நின்றது. வெள்ளையல்ல, பழைய பஞ்சு மெத்தையின் நிறம். முன்காலைத் தூக்கிக் கதவில் அறைந்தது. பலகை முறிந்தது. சேந்தன் படகைக் கல்லொன்றில் கட்ட, இருவரும் இறங்கினார்கள்.

“குமணன்!” என்று கத்தினாள் தர்மினி.

கரடி திரும்பிப் பார்த்தது.

சேந்தன் தீச்சுடரை அடித்தான். அது கரடியின் முன்னால் விழுந்து சிவப்பாய் எரிந்தது. கரடி அதை மோந்து பார்த்துவிட்டு விலகி நடந்தது, அவர்களை நோக்கி. பிறகு ஓடத் தொடங்கியது. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு கெதியாக ஓடும் என்று சேந்தன் நினைத்திருக்கவில்லை.

தர்மினி கல்லில் முழங்காலூன்றினாள். முதல் வெடி கரடியின் முன்னால் கற்களைச் சிதறடித்தது. அது நிற்கவில்லை. இடது கை கைப்பிடியை இழுத்துத் தள்ளியது. முதல் வெடியின் எதிரொலி அடங்க முன்னரே இரண்டாவது வெடித்தது. கரடியின் காலடியில் பாறை பிளந்து தூள் பறந்தது. கரடி சறுக்கி, பக்கவாட்டில் திரும்பி, மேட்டின் பின்னால் ஓடி மறைந்தது.

“போங்கோ, அவனைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றாள். கண்ணை மேட்டிலிருந்து எடுக்காமல் அடுத்த ரவையை ஏற்றினாள்.

குமணன் மேசைக்குக் கீழே கிடந்தான்.

“அத்தான், அக்கா என்னைக் கொல்லப்போறா, என்ன?”

“ஓம். கரடி பரவாயில்லை எண்டு நினைப்பாய்.”

சேந்தன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கல்லில் கட்டிய படகு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. குமணனைக் கிடத்திவிட்டுத் தானும் ஏறினான். தர்மினி கரையில் நின்றாள். முதுகு கடலுக்கு, முகம் மேட்டுக்கு, துவக்கு இடது தோளில். எல்லோருடைய கண்ணும் மேட்டில்தான் இருந்தது.

மறுபடி இடி. முன்னையதைவிட நீளம். அந்தச் சத்தம் பழகிவிட்டிருந்தது. யாரும் திரும்பவில்லை.

படகு எழும்பியது. ஏன் எழும்புகிறது என்று சேந்தனுக்கு விளங்கவில்லை. கயிறு அறுந்தது. படகு மிக உயரத்துக்குப் போய், அங்கிருந்து கீழே விழுந்தது. அவன் குமணன்மேல் விழுந்தான். தலையைத் தூக்கியபோது கரையில் யாரும் இல்லை. ஈரக் கற்களும் உடைந்த பனிக்கட்டிகளும் மட்டும் இருந்தன.

சேந்தன் கரடியைத் தேடினான். மேட்டைப் பார்த்தான், குடிசையைப் பார்த்தான். கரடிதான் அவளை எடுத்திருக்கவேண்டும் என்று நினைத்தான். கரடி எங்கும் இல்லை.

“அத்தான், தண்ணியில. தண்ணியில பாருங்கோ,” என்றான் குமணன்.

பனியாறு உடைந்து எழுப்பிய அலை அவளை இழுத்துப் போயிருந்தது; மிதவை உடுப்பு மிதக்கவிட்டிருந்தது. பனிக்கட்டி தலையில் அடித்திருந்தது. பெரிய காயமில்லை. துவக்கின் வார் இடது கையில் சுற்றியிருந்தது. சேந்தன் அவளைப் படகுக்குள் இழுத்தான். நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான். குமணன் எண்ணினான். பிறகு எண்ணுவதை நிறுத்தினான். சேந்தன் நிறுத்தவில்லை.

துறைமுகத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். குமணன் உயிரோடு வருகிறான் என்று படகின் வானொலியில் சொல்லியிருந்தான் சேந்தன். வேறொன்றும் சொல்லவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து படகு வெளிப்பட்டதும் கைதட்டினார்கள். இரண்டு பேர் நிமிர்ந்து இருப்பதைத்தான் அவர்கள் கண்டார்கள். படகு கிட்ட வர வர ஒவ்வொருவராய்க் கைதட்டுவதை நிறுத்தினார்கள். ரண்டி கடைசியில் நிறுத்தினாள்.

குமணனின் கால் பொருந்திவிட்டது. இப்போது அவன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைகளுக்குப் போகிறான். காவலுக்கு இரண்டு பேரை நிறுத்துகிறான். ஒருவர் நிலத்தைப் பார்க்கவேண்டும், ஒருவர் கடலை. கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று தர்மினியின் அம்மா தொலைபேசியில் கேட்டார். தம்பியைக் கவனமாகப் பாருங்கோ என்று சொன்னதாகக் குமணன் சொன்னான். அம்மா அதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னார். சேந்தன் மறுக்கவில்லை.

உண்மையில், அன்று சேந்தன் படகில் ஏறி இருந்ததும் தர்மினி தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்:

“கொஞ்சம் அங்கால அரக்குங்கோ. எனக்கும் இடம் வேணும்.”