துருத்தி மூச்சு

அஜ்மல் பீவியின் நெஞ்சுக்குள் காலையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டிருந்த இளைப்பு, நைனா முகமது ஆர்மோனியத்தின் துருத்தியை அசைத்ததும் அடங்கியது. கையை எடுத்தார். இளைப்பு திரும்பி வந்தது. மறுபடி அசைத்தார். அடங்கியது.

நுரையீரல் இரண்டும் சுருங்கிவிட்டன, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோரிப்பாளையம் சந்துக்குள் இருந்த மாடி அறையில், மனைவியின் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வாசிக்கலாம் என்றுதான் அவர் பெட்டியைத் திறந்தார். கல்யாண வீடுகளுக்கெல்லாம் அவர் தூக்கிப்போய் வாசித்த பெட்டி அது. அவளுக்கு எந்த வாத்தியமும் அதற்கு ஈடில்லை. "வயலினு, வீணையெல்லாம் கம்பியில பேசுது. இதுக்குத்தான் நம்மள மாதிரி மூச்சு இருக்கு" என்பாள். கட்டையை அழுத்துவதற்கு முன்னால் காற்று உள்ளே இழுபடுமே, அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்கவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

இப்போது அந்தச் சத்தம் அவளுக்குள்ளிருந்து வந்தது.

அவர் மெதுவாக இழுத்தார். அவள் நெஞ்சு மெதுவாக உயர்ந்தது. விரைந்து இழுத்தார், விரைந்து உயர்ந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவள் உதட்டின் நீலம் வெளுத்து வருவதைப் பார்த்த பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை.

"என்னங்க... போதும். விட்டுருங்க."

"பேசாம படு புள்ள. உம் மக இஷ்ரத் காளவாசல்ல இருந்து ராத்திரிக்குள்ள வந்துருவா."

"நான் போகணுங்க. இது விட மாட்டேங்குது."

அவர் துருத்தியை அழுத்தினார்.

கீழே ஹோட்டலில் பிரியாணி தேக்சாவைச் சுரண்டும் சத்தமும், பாலத்தில் நகராமல் நிற்கும் பஸ்களின் ஹாரனும், தர்காப் பக்கமிருந்து வந்த ஊதுபத்தி வாசமும் ஜன்னல் வழியே கலந்து வந்தன. வெயில் சுவரிலிருந்து இறங்கி, கட்டிலின் கால்களில் தங்கி, பிறகு அங்கிருந்தும் போய்விட்டது. அந்தி இறங்கி மஃரிப் பாங்கு முடிந்தது. அவருடைய தோள் மரத்துவிட்டது. அறையில் மருந்து வாடை குறைந்து, நெடுநாள் பூட்டிக்கிடந்த மரப்பெட்டியின் வாடை ஏறியது. அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஒரு ஈ வந்து கண்மணியின் மேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை.

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இழுத்தார். நெஞ்சு உயர்ந்தது.

வெகுநேரம் கழித்து மகள் இஷ்ரத் படியேறி வந்து லைட்டைப் போட்டாள். கட்டிலருகே வந்து தாயின் பாதத்தைத் தொட்டவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"அத்தா, அம்மா சில்லுன்னு இருக்காங்க."

"மூச்சு வருது பாரு."

அவள் தாயின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வெறச்சுப் போச்சு அத்தா. மவுத்தாகி ரொம்ப நேரமாச்சு." அவர் தோளைப் பிடித்தாள். "கைய எடுங்க. அவங்களப் போக விடுங்க."

ஈ வந்து உட்கார்ந்தபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. "மன்னிச்சிரு புள்ள" என்று மனைவியிடம் முனகிவிட்டுக் கையை எடுத்தார்.

துருத்தி நிற்கவில்லை.

துருத்தியின் கொக்கியை மாட்டினார். தெறித்தது. இரு கைகளாலும் அழுத்தினார். மேலே ஏறி உடம்பின் கனத்தையெல்லாம் போட்டார். அவரையும் தூக்கிக்கொண்டு அது விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

இஷ்ரத் சுவர்வரை பின்வாங்கினாள்.

கட்டிலில் நெஞ்சு உயர்ந்தது. விறைத்த தாடை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. யாரும் தொடாத கட்டைகள். ஆனாலும் அந்த வாய்க்குள்ளிருந்து தாழ்ந்த ஸ்வரம் ஒன்று எழுந்தது. நீண்டது. நீண்டுகொண்டே போனது.

அசையாத கண் அவரையே பார்த்தது. அதன் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.