இருநூறு மீட்டருக்கு அப்பால்

வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் குழுத்தலைவர் கலியபெருமாள் மின்கோபுரத்தைப் பார்த்து நடந்தார். சொல்லும்போது அவர் தையல்நாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"செவப்புக் கொடி நட்டிருக்கேன். அதுக்கு இந்தப் பக்கமே இரும்மா. தப்பா நெனச்சுக்காத."

"நெனைக்கல, அண்ணே."

கொடி கோபுரத்திலிருந்து சரியாக இருநூறு மீட்டர் தள்ளி, உப்பளத்தின் வரப்பில் படபடத்துக்கொண்டிருந்தது. வேதாரண்யத்துக்குத் தெற்கே கடல் கறுத்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் புயல் கரையைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி பத்தரை. அதற்குள் ஐந்தாம் கோபுரத்தில் மின்கம்பியை இரும்பில் படாமல் தாங்கும், விரிசல் விட்ட பீங்கான் சரத்தை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் உப்புக்காற்று பட்டதும் அது வெடிக்கும். அரசு மருத்துவமனையும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருளில் மூழ்கும்.

மாவட்டத்திலேயே அந்தச் சரத்தை ஒரு மணி நேரத்துக்குள் மாற்றத் தெரிந்தவள் தையல்நாயகி ஒருத்திதான். அவளைத்தான் வண்டிக்குள் உட்கார வைத்திருந்தார்கள்.

எல்லாம் இடர்மானி வந்த பிறகு நடந்த மாற்றம். மின்கம்பி வேலை செய்கிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் தீப்பெட்டி அளவில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. உயரம், காற்று, ஈரம், மின்புலம், ஆளின் நாடி, மூச்சு எல்லாவற்றையும் அளக்கும். நாட்டில் இதுவரை நடந்த அத்தனை விபத்துகளோடும் ஒப்பிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் இந்த ஆள் சாவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து, அதை ரூபாயாக மாற்றிக் காட்டும். அதுதான் அந்த மணி நேரத்துக் கூலி.

ஆறு வருடத்துக்கு முன் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை அது. 'உயிருக்கேற்ற கூலி' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். தையல்நாயகியும் எழுதினாள். கீழே நின்று புல் செதுக்குகிறவனுக்கும் உச்சியில் தொங்குகிறவனுக்கும் ஒரே சம்பளமா என்று அவள் கேட்ட கேள்விக்குப் பந்தலே கைதட்டியது. இடர்மானி வந்த முதல் வருடமே கூலி நாலு மடங்கானது. பொறியியல் படித்தவர்கள் கோபுரம் ஏற வரிசையில் நின்றார்கள். வரன் தேடும் விளம்பரங்களில் 'கம்பி வேலை மாப்பிள்ளை விரும்பத்தக்கது' என்று வந்தது.

தையல்நாயகிக்கு மட்டும் கூலி இறங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. நூறடி உயரத்திலும் அவள் நாடி அறுபத்தைந்தைத் தாண்டாது. இவள் சாகமாட்டாள் என்று கருவி முடிவு செய்துவிட்டது. மற்றவர்களுக்கு மணிக்கு நாலாயிரம் காட்டும் இடத்தில் அவளுக்கு எழுநூறு காட்டியது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது அடுத்து வந்தது. இடர்மானிகள் இருநூறு மீட்டருக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்த எல்லைக்குச் சூழ்வட்டம் என்று பெயர். தையல்நாயகி இருக்கும் சூழ்வட்டத்தில் யாருமே விழுவதில்லை என்பதை அவை கண்டுபிடித்தன. அது உண்மைதான். தளர்ந்த திருகும் பிரிந்த கயிறும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மேலே இருப்பவன் தவறு செய்வதற்கு முன்னால் அவள் குரல் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே அவள் சூழ்வட்டத்துக்குள் வந்தவுடன் எல்லோருடைய கூலியும் பத்தில் நாலு பங்கு சரிந்தது.

பதினோரு வாரமாக எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. புயல் வேலைக்கு ஐந்து பேர் போக வேண்டும் என்ற விதி இருந்ததால்தான் இன்றைக்கு ஐந்தாவது தலையாக அவளை ஏற்றிக்கொண்டார்கள். நாலு பேர் வேலை செய்வார்கள். அவள் எல்லைக்கு வெளியே இருப்பாள்.

வண்டியில் இருந்த தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கோபுரத்தின் இடது கையாக நீண்ட இரும்புச் சட்டத்தில் கலியபெருமாள் வலப்பக்கக் கம்பியைத் தாங்கும் கயிற்றைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். வலது கையின் நுனியில் செபாஸ்டின். அவளுக்கு இரண்டு வயது இளையவன்; இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கீழே இரண்டு பேர் கயிற்று உருளையைப் பிடித்திருந்தார்கள்.

செபாஸ்டின் தன் நெஞ்சைக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. எண்ணைப் பார்க்கிறான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் இடைவாரைக் கோபுரத்தோடு பிணைக்கும் இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றித் தொங்கவிட்டான்.

எல்லோரும் செய்வதுதான். இரண்டு கொக்கிக்கு ஆறாயிரம் என்றால் ஒரு கொக்கிக்கு ஒன்பதாயிரம். ஆனால் இந்தக் காற்றில் யாரும் செய்ததில்லை. கதவைத் திறந்து இறங்கி, கொடியை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். வாக்கி டாக்கியில் சொன்னாள்: "செபா, கொக்கிய மாட்டு."

உருளையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன்தான் பதில் சொன்னான். "அக்கா, அங்கேயே நில்லுங்க! இன்னும் இருவது நிமிசந்தான். உங்க கால்ல வுழுந்து கேக்குறோம்."

"ஒத்தக் கொக்கியில நிக்கிறான்டா."

"அவனுக்குத் தெரியாதா அக்கா? வீட்டுக்குக் கூரை போடணும்னு நிக்கிறான். கெடுத்துறாதீங்க."

தையல்நாயகி கொடிக்கு அருகே நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தால் நாலு பேரின் நெஞ்சிலும் எண் சரியும். பதினோரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு நாள் இது. இன்றைக்கும் கெடுத்தாள் என்று பேர் வாங்கினால் இனி எவனும் கூப்பிட மாட்டான். அவள் நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். பின்னாளில் எத்தனை முறை எண்ணிப் பார்த்தும் அந்த நேரத்தின் அளவு அவளுக்குப் பிடிபடவில்லை.

காற்று கடலிலிருந்து ஒரே வீச்சாக வந்தது. பாதி கழற்றிய பீங்கான் சரம் ஊஞ்சல்போல ஆடிச் செபாஸ்டினின் தோளில் மோதியது. கை விரிந்தது, உடம்பு நழுவியது, ஒற்றை வாரில் தலைகீழாகத் தொங்கினான்.

தையல்நாயகி ஓடினாள்.

கொடியைத் தாண்டியதுமே அவள் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி அலறியது. "யாரு உள்ள வந்தது? எண்ணு எறங்குது!" அது கலியபெருமாள். அவர் முதுகு செபாஸ்டினுக்கு எதிர்ப்புறம் இருந்தது. திரும்பிப் பார்த்த பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "நாயகி... சீக்கிரம் வாம்மா. நான் கயித்த வுட்டா கம்பி அவன் மேல வுழும். என்னால வர முடியாது."

கீழே இருந்த இருவராலும் உருளையை விட முடியவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இடைவாரைப் போட்டுக்கொண்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். இரும்பு முழுக்க உப்பு ஈரம். பத்து மீட்டருக்கு மேல் காற்று அவளைக் கோபுரத்திலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கொக்கியைக் கழற்றி, மேலே மாட்டி, பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். அவசரப்பட்டால் இரண்டு பேரும் போவோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வலது கையின் நுனிக்கு வந்தபோது, அவன் தொங்கிய வார் இரும்பின் விளிம்பில் உரசிப் பாதி அறுந்திருப்பதைக் கண்டாள். நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

"செபா, அசையாத. என்னப் பாரு."

அவன் முகத்தில் ரத்தம் இறங்கிச் சிவந்திருந்தது. இடது கை ஒடிந்து தொங்கியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. தன் நெஞ்சைப் பார்த்தான்.

"ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம், அக்கா," என்றான். பல் தந்தியடித்தது. "மணிக்கு. பாருங்களேன்."

"வாய மூடு."

கயிற்றை அவன் அக்குளுக்கடியில் நுழைத்து முடிச்சிட்டு, மறுமுனையைக் கோபுரத்தின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். முடிச்சு இறுகியவுடன் அவன் நெஞ்சிலிருந்த எண் மளமளவென்று விழுந்தது. தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்து அவன் அழுதானா சிரித்தானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த நொடி வார் அறுந்தது. கயிறு தாங்கியது.

அவனைக் கீழே இறக்கி வண்டியில் அனுப்பிவிட்டு, அவளே மீண்டும் ஏறிச் சரத்தை மாற்றி முடித்தாள். இரண்டரை மணிக்கு மின்சாரம் ஓடியது. மூன்றேகாலுக்குப் புயல் கரையேறியபோது மருத்துவமனையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு விளக்கின் அடியில் செபாஸ்டினின் கையைச் சேர்த்துக் கட்டினார்கள்.

மறுநாள் காலை எல்லோருடைய கைப்பேசிக்கும் புதிய கூலிப் பட்டியல் வந்தது. கடற்கரை மாவட்டங்கள் முழுவதற்கும் புயல் வேலைக் கூலி நூற்றுக்குப் பதினெட்டு குறைந்திருந்தது. காரணமும் கீழே இருந்தது: கடுங்காற்றில், ஒற்றைக் கொக்கியில், முப்பது மீட்டரில் தவறிய ஒருவர் உயிர் பிழைத்திருக்கிறார், ஆகவே இவ்வேலை முன்பு கருதிய அளவுக்கு ஆபத்தானதல்ல.

கம்பி வேலைக் குழுக்கள் கூடும் கிடங்கின் வாசலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். தையல்நாயகி வந்ததும் பேச்சு அடங்கியது. கலியபெருமாள் மட்டும் அருகே வந்தார்.

"நீ செஞ்சது பெரிய காரியம்மா. யாரும் இல்லேங்கல." செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். "ஆனா பாரு, ஆறு வருசத்துல இந்தக் கூலி ஏறுனதெல்லாம் ஒவ்வொருத்தன் செத்தப்பத்தான். போன மழைக்கு நம்ம முத்துவேலு போனப்ப ஏறிச்சு. இப்ப மொத தடவையா எறங்குது. செபாஸ்டின் மட்டும் நேத்து..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். சுற்றி நின்ற முப்பது பேரும் முடிக்காத பாதியைக் கேட்டார்கள். தையல்நாயகியும் கேட்டாள்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனாள். செபாஸ்டின் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அக்கா, நீங்க குடுத்த உசுரு இது. எம்புள்ளைங்க உங்கள மறக்காது." பிடித்த கையை விடாமலே சொன்னான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு மாசத்துல நான் வேலைக்கு வந்துருவேன். எங்க குழுவுக்கு மட்டும் நீங்க வந்துறாதீங்க."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "சரிடா," என்றாள்.

மூன்றாம் நாள் மின் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. உதவிப் பொறியாளர் இளமுருகு எழுந்து நின்று அவளை வரவேற்றார்; நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.

"உங்களுக்காகவே ஒரு பதவி உண்டாக்கியிருக்கோம்மா. அருகிருப்பாளர். நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. மாசச் சம்பளம் என்னோடதை விடக் கூட."

"என்ன வேல சார்?"

"எதுவும் செய்ய வேண்டாம். ஆபத்தான வேலை நடக்கிற இடத்துல சூழ்வட்டத்துக்குள்ள நின்னா போதும். ஒரு நாளைக்கு மூணு இடம்."

அவளுக்குக் கணக்குப் புரிய நேரமாகவில்லை. அவள் நின்றால் கூலி சரியும். மிச்சமாகிற பணத்தில் ஒரு துளிதான் அவள் சம்பளம். "அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்க."

"அவங்க உயிரைக் காப்பாத்தச் சொல்றேன். நீங்க இருக்கிற இடத்துல யாரும் சாக மாட்டாங்க. பொய்யா அது?"

பொய்யில்லை. கொடிக்கு அருகில் நின்ற அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. இனி எந்தக் கொடியும் அவளை நிறுத்த முடியாது.

"என்ன மாதிரி வேற யாராச்சும் இருக்காங்களா, சார்?"

"மத்த மாவட்டங்கள்ல மூணு பேரைப் போட்டோம். ஒருத்தர் நல்லா பண்றார்."

"மிச்ச ரெண்டு பேரு?"

இளமுருகு நியமன ஆணையை அவள் பக்கம் தள்ளினார். "அதெல்லாம் காவல்துறை பார்த்துக்குதும்மா. நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

முதல் இடம் தலைஞாயிறுக்குப் பக்கத்தில், வயல் நடுவே. காற்றே இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. ஆறு பேர் கொண்ட குழு கோபுரத்தடியில் வார்களைக் கட்டிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் வெள்ளை வண்டி வரப்பைத் தாண்டி உள்ளே வந்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார்கள். ஒருவன் கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, எறங்காதீங்க," என்றார் ஓட்டுநர். "உள்ளயே இருந்தாலும் வட்டத்துல சேந்ததுதான்."

தையல்நாயகி கதவைத் திறந்து இறங்கினாள். மேலே கம்பியில் மின்சாரம் இல்லை. கால் மண்ணில் இருந்தது. கையில் எந்த வேலையும் இல்லை. நெஞ்சிலிருந்த இடர்மானி சுற்றிலும் துடிக்கும் ஆறு நாடிகளையும் கேட்டு, தனக்குத் தெரிந்த அத்தனை சாவுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அவளுக்கு இதுவரை காட்டாத ஓர் எண்ணைக் காட்டியது: பதினேழாயிரம்.

அந்த வயலில் அன்றைக்கு அதைவிடப் பெரிய கூலி யாருக்கும் இல்லை.

அவள் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கோபுரத்தின் அடிக்காலில் ஒரு திருகு தளர்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. அதைச் சொல்வதற்காக அவர்களை நோக்கி நடந்தாள். உள்ளங்கைக்கு அடியில், ஒவ்வோர் அடிக்கும், எண் ஏறிக்கொண்டே போனது.