அப்பாவின் பகல் தூக்கம்

எவர்சில்வர் தட்டு மேசை விளிம்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். விழுந்து, எழும்பி, தள்ளாடி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குப்புறப் படுத்தது. குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் அமைதி என்பார்கள். இந்த வீட்டில் தட்டு விழுந்தே கேட்கவில்லை.

அக்கா குனிந்து தட்டை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே கிசுகிசுத்தாள்.

"பாத்துடி. அப்பா தூங்குறார்ல?"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. அப்பா இறந்து பதினான்கு மாதமாகிறது. "பழக்கதோஷம்டி," என்று அசடு வழிந்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

காதில் ஏதாவது அடைத்திருக்கும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கு வேலையே காதுப் பரிசோதனைதான். மருத்துவமனையில் சத்தம் புகாத அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வாள். மறுநாள் முதல் ஆளாகத் தானே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. நம்பாமல் இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தாள்.

அப்பா செய்தித்தாள் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். காலை ஏழு மணிக்கு அவர் அறைக்கதவு சாத்திக்கொள்ளும்; மாலை நாலு மணிக்குத் திறக்கும். நடுவில் உள்ள ஒன்பது மணி நேரத்தில் அந்த வீட்டில் ஆள் இருப்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி கட்டியிருக்கும். குழாயில் தொங்கும் பழைய துணி வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து இறங்கும். விசில் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அக்கா குக்கரை அணைத்துவிடுவாள், அதில் அவள் கெட்டிக்காரி. அப்பா யாரையும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. சத்தம் கேட்டால் கதவு ஒரு சாண் திறக்கும். இருட்டுக்குள்ளிருந்து அவர் பார்ப்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு நாளைக்கு யாருக்கும் தொண்டையில் சோறு இறங்காது.

தும்மலை மூக்குக்குள்ளேயே விழுங்கக் கற்றுக்கொண்டு வளர்ந்தவள் அவள். அதனால்தான் தன் மகள் கத்துவதைப் பார்த்தால் அவளுக்குப் பூரிப்பாக இருக்கும். ஐந்து வயது. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயாது. "நம்ம வீட்டு ரேடியோ" என்று கணவன் பெயர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். புது வீட்டில் பூச்சு வேலை முடிய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பிறந்த வீட்டில் அக்காவோடு இருக்கலாம், பள்ளி விடுமுறையில் குழந்தையையும் அக்கா பார்த்துக்கொள்வாள் என்றுதான் வந்தாள்.

வந்த முதல் வாரம் ரேடியோ வழக்கம்போலப் பாடியது. இரண்டாவது வாரம் காதோரம் வந்து கிசுகிசுப்பாகத் தண்ணீர் கேட்டது. மூன்றாவது வாரம் விரலால் காட்டியது. போனில் கணவன், "என்ன, ரேடியோவுக்கு பேட்டரி தீந்துடுச்சா?" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை சுவரோரமாக, குதிகால் படாமல் நடந்து போனதை அப்போதுதான் கவனித்தாள். அது அவளுடைய சின்ன வயது நடை. அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத நடை.

மறுநாள் மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். சத்தம் புகாத அறைக்குள் பரிசோதித்து முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மடியில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"ஏன் கண்ணு வீட்ல பேசவே மாட்டேங்குற? பெரியம்மா திட்டினாங்களா?"

"இல்லம்மா." குரல் கணீரென்று வந்தது. "நான் பேசுறேன். கத்தக்கூட செஞ்சேன். அங்க வெளிய வர மாட்டேங்குது."

"எங்க போகுது?"

"தாத்தா ரூமுக்குள்ள."

இன்றைக்கே கிளம்ப வேண்டும். பூச்சு முடியாத வீடாக இருந்தால் என்ன, வெறும் தரையில் படுத்தாலும் போதும். மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியை வாசலோரம் இழுத்துத் துணிகளை அடைக்க ஆரம்பித்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னலுக்கு அப்பால் ஒரு லாரி புகையைக் கக்கிக்கொண்டு போனது, அதன் சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை. கூடத்தில் அச்சு மையும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. அக்கா வாசற்படியில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டு கிசுகிசுத்தாள்.

"நாலு மணிக்கு மேல எடுத்து வையேன்டி. இப்பப் பெட்டிய இழுத்தா..."

முப்பது வருடத்துக் கோபம் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அப்பா செத்துட்டாருக்கா! செத்துப் போயிட்டாரு!"

தொண்டை எரிந்தது. நரம்பு புடைத்தது. ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

ஆனால் அக்காவின் முகம் வெளுத்தது. அக்கா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கூடத்தைப் பார்த்தாள்.

அவள் திரும்பினாள்.

அப்பாவின் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அதற்கு நேர் எதிரே மகள். தனியாக. கைகள் விறைத்து, தலை அண்ணாந்து. கதவின் இருட்டுக்குள், பெரிய ஆள் ஒருவரின் முகம் இருக்கும் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டு. வாய் அகலத் திறந்திருந்தது. பால் பற்கள் எல்லாம் தெரிந்தன. அலறிக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

ஓடினாள். தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டு வாசலுக்கு. அவ்வளவுதான். பத்து எட்டு.

ஓடும்போதே குதிகால்கள் தாமாக உயர்ந்தன. அவளுக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. மகளை எட்டியதும் மண்டியிட்டாள். வலது கை எழுந்தது. தூக்குவதற்காக என்றுதான் நினைத்தாள்.

கை குழந்தையின் வாயைப் பொத்தியது.

உள்ளங்கைக்குள் அலறல் அதிர்ந்தது. சூடாக. ஈரமாக. அவளால் அதைத் தொட முடிந்தது, கேட்க முடியவில்லை. கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் இறுக்கினாள். மூக்கும் சேர்ந்து அடங்கியது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தங்கையின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். குழந்தையின் கண்கள் அம்மாவையே பார்த்தன. சின்னக் கால்கள் அவள் தொடையில் உதைத்தன. உதைத்தன. பிறகு மெதுவாக உதைத்தன.

அவள் கையை எடுக்கவில்லை.