தொலைபேசிக்குக் கண் கிடையாது

தொலைபேசிக்குக் கண் கிடையாது என்ற பேருண்மையை ஒசாகா நகரில் கண்டறிந்தவன் தான் ஒருவனே என்பதில் மோரிவாகிக்கு எள்ளளவும் ஐயமில்லை. மற்றவர்கள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு இடுப்பு வளைய வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெந்நீர்க் கொதிகலன் விற்ற அவனுடைய பழைய கம்பெனியில், புகார்ப் பிரிவில் அவனோடு இருந்த ஒரே ஆள் உசுய், நாள் முழுக்கக் குனிவான்.

"டேய், உன் முதுகு ஒயர் வழியா அங்க போய்ச் சேருதாடா?"

உசுய் சிரிப்பான். அடுத்த அழைப்புக்கும் குனிவான்.

இப்போது குடை கம்பெனி. முதல் நாள் காலையிலேயே, மேசைத் தொலைபேசியின் ரிசீவர் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ நெடுநேரம் பேசிவிட்டு அப்போதுதான் வைத்ததுபோல. அந்த இடம் வெகுநாளாகக் காலி என்றாள் பக்கத்து மேசை கஜிதானி. பழைய வேலையை ஏன் விட்டாரென்றும் கேட்டுவைத்தாள். வளர்ச்சிக்காக என்றான். நேர்காணலிலும் அதையே சொல்லியிருந்தான். அப்போது நாக்கு கூசவில்லை.

அவன் பழைய வேலையை விட்டது, கொதிகலன்கள் வரிசையாகப் பழுதாகி வசவு மழையாகக் கொட்டிய சமயம். காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த உசுய், தன்னைத் தனியே விட்டுப் போய்விட வேண்டாமென்று கேட்டான். திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னான் மோரிவாகி. திங்களன்று, பிறர் சார்பில் ராஜினாமா சொல்வதையே தொழிலாக நடத்தும் நிறுவனம் ஒன்று அவனுக்காகப் பேசியது. அந்த அழைப்பை எடுத்தவன் உசுய். அம்மாதம் முடிவதற்குள், மதிய இடைவேளையில், மேசையில் தலை சாய்த்தபடி செத்துப்போனான். தூங்குகிறான் என்று எல்லோரும் ஓசைப்படாமல் நடந்தார்களாம்.

இங்கேயும் மதியக் குட்டித் தூக்கத்துக்காக விளக்கை அணைத்தார்கள். மழை இருட்டில், வறுத்த மீன் வாடையும் ஈரக் குடைத்துணி வாடையும் கலந்து கிடக்க, மேசைகளில் கவிழ்ந்த தலைகளிலிருந்து மூச்சு மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, அவன் தொலைபேசி அடித்தது.

ஒரு தலைகூட அசையவில்லை.

மறுபடி அடித்தது. எடுத்தான். காதைச் சுட்டது.

"அண்ணே, சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு பண்றேன். மன்னிச்சுக்கோங்க."

அதே பணிவு. அதே கம்மிய தொண்டை.

"அந்த வேலைய ஏன் விட்டீங்க அண்ணே?"

"வளர்ச்சிக்கு..."

மறுமுனையில் இருமல் மட்டும். அடக்கி, அடக்கி, வாடிக்கையாளர் காதில் விழாமல் இருமும் இருமல்.

அறையில் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. எல்லா மூச்சும்.

"அத்தனையும் உன் தலையில கட்டிட்டு ஓடிட்டேன்டா," என்றான் மோரிவாகி. "நீ தாங்க மாட்டேன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓடினேன்."

தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தான். ரிசீவரை இரு கையாலும் பிடித்தான். குனிந்தான்.

"இன்னும் கொஞ்சம், அண்ணே."

குனிந்தான். தன் காலணி தெரிந்தது. அதன் நுனியைத் தொட்டபடி, அவனைப் பார்த்து, காலுறை மட்டும் போட்ட இரண்டு பாதங்கள்.

நிமிர முடியவில்லை.

பாதங்களுக்கு மேலே, பதில் வணக்கம் மெல்ல இறங்கி வந்தது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி.