பாதுஷாவைத் தேடிப் போன குக்கர்

பாதுஷாவின் பாதங்களில் அன்று வரை மண் பட்டதே இல்லை!

சென்னையில் ஒரு நாலாவது மாடி வீட்டில் வளர்ந்தவன் அவன். டைல்ஸ் தரை, சோபாவின் முதுகு, துணிக்கூடை, வலை அடித்த பால்கனி. அவ்வளவுதான் அவன் கண்ட உலகம். (பூனையை 'அது' என்று சொன்னால் கௌதமுக்கு மூக்கு சிவந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்காரனிடம் எதற்கு வம்பு? நாமும் 'அவன்' என்றே சொல்லிவிடுவோம்.)

இப்போது வீடு மாறிவிட்டது. வால்பாறை மலையில் மஞ்சக்காடு எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் அப்பாவுக்கு மெக்கானிக் வேலை. அம்மாவுக்கு எஸ்டேட் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. சன்னலுக்கு வெளியே கொய்யா மரம், அதற்கப்புறம் மலை மலையாகத் தேயிலை. பாதுஷா நாள் முழுக்க சன்னலில் உட்கார்ந்து குருவிகளைப் பார்த்துப் பல்லை நறநறத்தான். கதவைப் பிராண்டினான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஊசி போட வந்த கால்நடை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெளிய போகணுமாம் தம்பிக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க."

"சரி, இறக்கிடுவோம்!" என்றாள் எட்டாம் வகுப்பு மேகலா, கௌதமின் அக்கா. திட்டம் போடுவதென்றால் அவளுக்குத் தீனி மாதிரி.

கீழே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து வந்த பிளெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேகலாவின் வகுப்புத் தோழி அவள். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். "பூனைக்கு என்ன ஸ்கூலா வைக்கிறீங்க? கதவத் தொறந்து விடு, அதுவாப் போயிரும்."

"போயிடுவான். திரும்பி வரணும்ல?" என்றாள் மேகலா.

பிளெஸ்ஸியின் சிரிப்பு நின்றது. "அது சரிதான். பொழுது சாயறதுக்குள்ள வந்திரணும். இங்க சிறுத்தை நடமாட்டம் இருக்கு. எங்க லைன்ல கோழி, நாய் எதுவும் பாக்கி வைக்காது."

கௌதம் பாதுஷாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பாதுஷா மூச்சு முட்டி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

மார்போடு சேர்த்து மாட்டும் சிவப்புப் பட்டையும் கயிறும் தயாராயின. முதல் பயணம் வாசற்படி வரை! வயிறு தரையில் தேய, காது பின்னால் மடங்க, எதிரியின் கோட்டைக்குள் நுழைகிறவனைப் போல பாதுஷா ஊர்ந்து வந்தான். ஈரப் புல்லில் முன்னங்காலை வைத்தான். சிலிர்த்தான். உதறினான். ஒரே ஓட்டமாகப் போய் அப்பாவின் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான்.

"வீரன்டா!" என்று கைதட்டினாள் பிளெஸ்ஸி.

அடுத்த நாள் படியைத் தாண்டினான். அதற்கடுத்த நாள் கொய்யா மரம். பிறகு வேலி. ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான். வீட்டுக்குத் திரும்ப அழைப்பதற்கு மேகலா ஒரு வழி வைத்திருந்தாள். சென்னையில் அப்பாதான் சமையல். குக்கரில் விசில் வந்ததும் பாதுஷாவுக்கு மீன் எடுத்து வைப்பார். அதனால் விசில் கேட்டால் பாதுஷா எங்கே தூங்கினாலும் பறந்து வருவான்! இங்கேயும் அப்படியே செய்தார்கள். பசியோடு வெளியே கூட்டிப் போவது. மதியம் குக்கர் விசில் அடித்ததும் விடுவிடுவென்று உள்ளே ஓடி வருவான். ஞாயிறுகளில் மட்டும் பாடத்துக்கு ஓய்வு. மற்றபடி பள்ளி விடுமுறை நாட்கள் பூராவும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"இனிமே கயிறு வேண்டாம்," என்று தீர்மானித்தாள் மேகலா.

அவிழ்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில்!

வாரநாட்களில் லைன் வீடுகளில் மதியச் சமையல் கிடையாது. பொழுது விடியுமுன் சமைத்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மட்டும்தான் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். கறி எடுக்கும் நாள். இது மேகலாவுக்குத் தெரியாது. பிளெஸ்ஸிக்குத் தெரியும், ஆனால் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்?

பாதுஷா வேலி ஓரம் புல்லை மோந்துகொண்டிருந்தான். திடீரென்று கீழேயிருந்து ஒரு விசில். காதைத் தூக்கினான். பக்கத்திலேயே இன்னொரு விசில். அப்புறம் வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விசில், விசில், விசில்! அவன் வாழ்நாளில் அத்தனை மீன் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில்லை. வேலிக்கடியில் நுழைந்தான், தேயிலைக்குள் பாய்ந்தான், போயே போய்விட்டான்!

"பாதுஷா!"

மூவரும் சரிவில் உருண்டு புரண்டு லைன் வீடுகளுக்கு ஓடினார்கள். முதல் வீட்டில் சாந்தா அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "வெள்ளையும் மஞ்சளுமா, செவப்புப் பட்ட கட்டி? அடுப்பாங்கரைக்கே வந்திருச்சு புள்ளைங்களா! நான் சூன்னு வெரட்டினேன். வாசல்ல நாய் குரைச்சுது. கெளம்புச்சு பாரு ஓட்டம், அந்தா, ஓடைப் பக்கம்!"

ஓடைக்கு அந்தப்புறம் சோலைக்காடு. கௌதம் மேகலாவின் கையைப் பிடித்து இழுத்தான். "அவனுக்கு வழி தெரியாதுக்கா. ஒண்ணுமே தெரியாது."

ஓடைக்கரைச் சேற்றில் பிஞ்சுப் பாதத்தடம் நாலைந்து தெரிந்தது. பிறகு பாறை, அதற்கப்புறம் தடமே இல்லை. கூப்பிட்டார்கள். தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து தேடினார்கள். அட்டைகள் காலில் ஏறின. பிளெஸ்ஸி லைனில் வாங்கி வந்த உப்புப் பொட்டலத்தைத் தேய்த்துத் தேய்த்து அவற்றை உதிர்த்தாள். சாயங்காலமாகி, மூடுபனி இறங்கி வந்தது. மேகலாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கயிற்றை அவிழ்த்த கை அவளுடையதுதானே!

மேலேயிருந்து அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவரும் தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"பயந்துபோய் எங்கேயோ பதுங்கியிருக்கான். நாம கத்தக் கத்த இன்னும் உள்ளே போவான்," என்றார் அப்பா.

அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கர்ர்... கர்ர்... கர்ர்... ரம்பத்தால் மரம் அறுப்பது போல.

"யாரோ மரம் அறுக்கிறாங்க, அவங்ககிட்டக் கேக்கலாம்!" என்று கௌதம் ஓட எத்தனித்தான்.

பிளெஸ்ஸி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் குரல் தழைந்தது. "ஞாயித்துக்கெழமை யாரும் மரம் அறுக்க மாட்டாங்க. சிறுத்தைதான் இப்படிச் சத்தம் போடும்."

சத்தம் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பொழுது சாயும் நேரம் அதைவிடக் கிட்டத்தில் இருந்தது.

கௌதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பா, நம்ம குக்கரை இங்கே கொண்டு வரலாமா?"

மேகலா அவனை அப்படியே கட்டிக்கொண்டாள். "அதேதான்! ஆனா லைன்ல யாரும் குக்கர் வைக்கக் கூடாதே! இப்ப ராத்திரிச் சோத்துக்கு ஏத்துற நேரமாச்சே!"

"அத நான் பாத்துக்கறேன்!" என்று பிளெஸ்ஸி பறந்தாள்.

மஞ்சக்காடு எஸ்டேட்டில் அப்படி ஒரு சாயங்காலம் அதற்கு முன் வந்ததில்லை. பிளெஸ்ஸி வீடு வீடாக ஓடினாள். "யாரும் குக்கர் வைக்காதீங்க! கொஞ்ச நேரம்! பூனை கெடைக்கற வரைக்கும்!"

"நல்லாருக்குடி கத! பூனைக்காக நாங்க பட்டினியா?" என்றார் சாந்தா அக்கா. சொல்லிக்கொண்டே ஏற்றின குக்கரை இறக்கியும் வைத்தார். விரட்டிவிட்டோமே என்று அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். அவர் இறக்கியதைப் பார்த்து அடுத்த வீடும் இறக்கியது. வரிசை முழுக்க அடுப்புகள் அணைந்தன. மலை கப்சிப்பென்று ஆனது.

அப்பா சின்ன சிலிண்டர் அடுப்பைத் தோளில் தூக்கி வந்தார். குக்கரைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தான் கௌதம். ஓடைக்கு இந்தப் பக்கம், லைன் வீடுகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒரு தட்டைப் பாறைமேல் அடுப்பை வைத்தார்கள். குக்கரில் ஓடைத் தண்ணீர். காற்று படாமல் அப்பாவும் மேகலாவும் கௌதமும் சுற்றி நின்றார்கள்.

"இருட்டினா கிளம்பிடணும். என்ன ஆனாலும்," என்றார் அப்பா. கௌதம் தலையாட்டினான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குக்கர் முனகியது. மூடிமேல் குண்டு ஆடியது. உஸ்ஸ்ஸ்ஸ்!

மூடுபனிக்குள் விசில் நீளமாகப் போய் எதிர்மலையில் முட்டித் திரும்பியது. காத்திருந்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

இன்னொரு விசில். ஒரு பறவை பயந்து பறந்தது. அவ்வளவுதான்.

"வாடா... வாடா கண்ணு..." மேகலா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அப்பாவின் கை அடுப்பின் திருகை நோக்கிப் போனது.

"இன்னும் ஒண்ணு! ஒண்ணே ஒண்ணுப்பா!"

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

மேல் சரிவில் ஒரு தேயிலைச் செடி ஆடியது. பிறகு அதற்குக் கீழே உள்ளது. பிறகு அதற்கும் கீழே! ஏதோ ஒன்று செடிகளுக்கடியில் நேராக அவர்களை நோக்கி வந்தது. வேகமாக வந்தது!

அப்பா பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றார். கையில் கிடைத்தது குக்கர் மூடிக்கான துணி ஒன்றுதான். அதையே ஓங்கினார்!

கடைசிச் செடி விலகியது. மீசையில் இலை, முதுகில் சேறு, வாலெல்லாம் ஒட்டுமுள். பாதுஷா! யாரையும் அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குக்கருக்கு முன்னால் வந்து, வாலைச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் சமையலறையில் உட்காருவது போல ஒழுங்காக உட்கார்ந்தான்.

"ம்யாவ்?"

கௌதம் அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான். மேகலா சிவப்புப் பட்டையில் கயிற்றை மாட்டி, அவனைச் சட்டைக்குள் பொதிந்துகொண்டாள். சின்ன நெஞ்சு திடும் திடுமென்று அடித்துக்கொண்டது. அவளுடையதும்தான்.

"மீன் எடுத்துட்டு வரலையேப்பா," என்றாள்.

அப்பா திருதிருவென்று விழித்தார். அவ்வளவு பாடுபட்டு வந்தவனுக்குக் குக்கரில் வெறும் சுடுதண்ணீர்!

லைன் வீடுகளின் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். "கெடச்சிருச்சா?" "கெடச்சிருச்சு!" என்று குரல் வரிசையாக ஓடியது. சாந்தா அக்கா மதியம் வைத்த நெத்திலிக் குழம்பிலிருந்து மீனை எடுத்து, காரம் போகக் கழுவி, தட்டில் கொண்டுவந்தார். "தின்னுடா ராசா. மத்தியானம் வெரட்டினதுக்கு மன்னிச்சுக்க." ராசா பெருந்தன்மையோடு மன்னித்தான். அதற்குள் அடுப்புகள் மறுபடி பற்றிக்கொண்டு, எல்லா வீட்டுக் குக்கர்களும் ஒன்றாக விசில் அடிக்க, பாதுஷா எட்டுத் திசையும் தாவப் பார்த்தான். நல்லவேளை, கயிறு இருந்தது!

மறுநாளே பழையபடி வாசற்படியிலிருந்து பாடம் ஆரம்பமானது. பூனைக்கு வெளியுலகத்தைப் பழக்கினோமே தவிர, வெளியுலகம் எப்படிச் சத்தம் போடும் என்று நாம் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று மேகலா ஒப்புக்கொண்டாள். இந்தத் தடவை எஸ்டேட்டில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத ஒரு சத்தம் வேண்டும். மணியா? கோயிலில் இருக்கிறது. ஊதலா? வாட்ச்மேனிடம் இருக்கிறது. யோசித்து யோசித்துக் கடைசியில் பிளெஸ்ஸி கண்டுபிடித்தாள்: கௌதமின் பாட்டு!

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேகலா மீண்டும் கயிற்றை அவிழ்த்தாள். பாதுஷா கொய்யா மரத்தடியில் வெயில் காய்ந்தான். சொல்லி வைத்தாற்போல் கீழே விசில்கள் கிளம்பின, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பாதுஷா எழுந்தான். வேலியைப் பார்த்தான். மேகலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கௌதம் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சுருதி எந்தத் திசையில் இருக்கிறது என்ற கவலையே இல்லாமல் பாடத் தொடங்கினான்.

பாதுஷா திரும்பினான். வாலைக் கொடி போல உயர்த்திக்கொண்டு ஓடோடி வந்து, கௌதமின் மடியில் ஏறி, அவன் வாயில் முன்னங்காலை வைத்தான்.

பாசத்தில் வருகிறான் என்கிறான் கௌதம். பாட்டை நிறுத்தத்தான் வருகிறான் என்கிறாள் பிளெஸ்ஸி. எதற்காக வந்தால் என்ன, வந்துவிடுகிறானே என்கிறாள் மேகலா.